முயலுக்கு நான்கு கால்

பிப்ரவரி. எமயோகி ஆறு கரையோரம் உறைந்து
நடுவில் மட்டும் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்த வாரம்
தார்த்துவுக்குக் குப்பி வந்து சேர்ந்தது.
ஐஸ் பொட்டலங்களுக்கு நடுவே சுண்டுவிரல் நகமளவு மூடி.
தட்டிப் பார்த்தால் அடியில் ஏதோ உப்புப் பொருக்கு.
பெப்டைடு. பதினைந்து அமினோ அமிலம், இயந்திரம் கோத்த சரம்,
ஒரு மில்லிகிராம்.
விலையைப் படித்துவிட்டு டார்வோ
தன் குளிர்காலப் பூட்ஸின் பிளந்த வாயைப் பார்த்தான்.

மூன்றாம் மதிப்பீட்டாளர் ஒரே வரிதான் எழுதியிருந்தார்:
நீங்கள் காட்டும் பட்டை அந்தப் புரதம்தான் என்பதற்கு என்ன சாட்சி?

சாட்சியா?
மூன்று வருடம் தினமும் பார்த்த முகம்.
நாற்பத்தெட்டு கிலோடால்ட்டனில், கரிக்கட்டையால் இழுத்ததுபோல்.
செல்லுக்குள் மற்றதெல்லாம்
முதுகில் யூபிக்விட்டின் முத்திரை விழுந்தபின்
புரோட்டியசோமின் வாய்க்குள் போய்த் துண்டுதுண்டாகும்;
இது மட்டும்
ஒரு மணி, நான்கு மணி, எட்டு மணி
அசையாமல் நின்றது.
'சிதைவுக்குத் தப்பும் புரதம்' என்று தலைப்பு வைத்தோம்.
தாலினில் அதற்குக் கைதட்டினார்கள்.
அம்மாவுக்குக்கூட விளக்கியிருக்கிறேன், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே.

கீழே முப்பத்தொன்றில் ஒரு கீற்று வரும்,
இருபது நிமிடத்தில் மங்கிவிடும்.
அழுக்கு என்றேன்.
படம் தயாரிக்கும்போது அந்த ஓரத்தை வெட்டிவிடுவேன்.
சுட்டியின் இரண்டு அசைவு.

செய்முறை ஒன்றும் பெரிதில்லை.
பந்திக்கு வருகிறவனுக்கு
வாசலிலேயே வயிறு நிறைய ஊட்டிவிடுவது.
ஆன்டிபாடி எந்தத் துண்டைத் தேடி அலையுமோ
அதே துண்டு, செயற்கையாய், நூறு மடங்கு;
இரண்டையும் ஒரே குழாயில் போட்டு
குளிரறையில் இரவெல்லாம் மெல்லச் சுழலவிட்டோம்.
உண்டு வந்தவன் இலையைத் தொடமாட்டான்.
தொட்டால், அது பசி இல்லை.

இருட்டறையில் சிவப்பு விளக்கு.
இம்பி ஃபிலிமைத் தண்ணீரில் அலசித் தூக்கிப் பிடித்தாள்.
இடப்பக்கம் பசித்த ஆன்டிபாடி, வலப்பக்கம் உண்டது.
நாற்பத்தெட்டில்
வலப்பக்கமும் அதே கரிக்கோடு, அதே தடிமன்.
வயிறு நிறைந்தும் கை நனைத்திருக்கிறான்.
முப்பத்தொன்றில்
இடப்பக்கம் கீற்று.
வலப்பக்கம் வெறும் ஃபிலிம்.

டார்வோ கடிகாரத்தைப் பார்த்தான், பிறகு என்னை.
'சாப்பிடப் போகலாமா' என்றான்.

போகவில்லை.
பழைய கோப்புகளைத் திறந்தேன்,
நூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
வெட்டிய ஓரங்களைத் திரும்ப இழுத்தேன்.
எல்லாவற்றிலும் அது இருந்தது,
மெலிதாக, அவசரமாக,
தலையைக் காட்டிவிட்டுக் கிளம்ப வந்ததுபோல்.
நாங்கள் தேடிய புரதம் இருபது நிமிடமே வாழ்ந்திருக்கிறது.
தப்பியது வேறு யாரோ. இன்னும் பெயர் தெரியாது.

பதிப்பாசிரியருக்குக் கடிதம் எழுதியபோது மணி இரண்டு.
கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம்.
அதற்குமேல் ஒரு வரி எழுதி, அழித்தேன்.

அந்த ஆன்டிபாடி ஒரு முயலின் ரத்தத்திலிருந்து வந்தது.
சீட்டில் எண் மட்டும் உண்டு: 4471.
எங்கோ ஒரு பண்ணையில், காதில் வளையத்தோடு,
தன் நாலு காலையும் காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
மூன்று என்று சாதித்தவள் நான்,
நாலாவதைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டு.

மிச்சப் பெப்டைடைப் பத்தாகப் பிரித்து
உறைபெட்டியில் வைத்தேன்.
ஒவ்வொரு மூடியிலும் தேதி.