பேர் சொல்லாதது

பூனை தன் குட்டியை ஏழு வீடு மாற்றும் என்பார்கள்.
இந்தப் பூனைக்கு நாங்கள் மாற்றியது
இதோடு மூன்று.
அதை யாரும் சொலவடை ஆக்கவில்லை.

சாஸ்கட்டூன். நவம்பர் கடைசி. மைனஸ் இருபத்தொன்று.
பெட்டி இறக்கிய பையன்கள் கதவை விரியத் திறந்தே வைத்திருந்தார்கள்.
கூண்டுக்குள் வசம்பு வாய் திறக்கவில்லை.
பாலம் தாண்டும்வரை கத்தித் தீர்த்திருந்தது.

மருத்துவர் சொல்லியனுப்பியது:
முதல் ஒரு வாரம் ஒரே அறை.
கையை நீட்டாதே. கண்ணைப் பார்க்காதே.
உள்ளே போய்
உனக்கு வேறு வேலை இருப்பதுபோல் உட்கார்.

துணி துவைக்கும் அறையைக் கொடுத்தேன்.
மண்தட்டு ஒரு மூலை, தண்ணீர் எதிர்மூலை.
கூண்டைத் திறந்ததும்
டிரையருக்குப் பின்னால், கையகல இடுக்கில்,
ஊற்றினாற்போல் இறங்கிவிட்டது.

இரண்டு நாள்.
வைத்த சூரை மீன் வைத்தபடி காய்ந்தது.
நான் தரையில் உட்கார்ந்து
மின்வாரியத்துக்கு, வங்கிக்கு, நூலகத்துக்கு
புது விலாசம் தட்டிக்கொண்டிருந்தேன்.
வேலை இருப்பதுபோல் நடிக்கத் தேவைப்படவில்லை.

ராத்திரியில் வசம்பின் பேரைச் சொல்லக் கூடாது.
விளக்கு வைத்தபின் மளிகைக் கடையில்
'பேர் சொல்லாதது கொடுங்க' என்றுதான் கேட்க வேண்டும்.
நிறம் பார்த்து ஆசையாய் வைத்த பேர்.
இங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது.
எப்படிக் கூப்பிட?

அறவாழிக்கு வடக்கே யுரேனியச் சுரங்கத்தில்
பதினான்கு நாள் ஷிப்ட்.
போனை இடுக்குப் பக்கம் வை, என் குரல் கேட்டால் வரும் என்றான்.
வைத்தேன்.
"வசம்பு, வசம்புக்குட்டி" என்றது
தகரத்துக்குள் ஓர் ஆள்.
இருட்டில் இரண்டு பச்சைப் புள்ளிகள். அணைந்தன.

தப்பு என்னுடையது.
புறப்படும் ஜோரில் எல்லாவற்றையும் துவைத்துவிட்டேன்.
அதன் மெத்தை, போர்வை, திரைச்சீலை,
அது படுக்கும் நாற்காலியின் உறை.
பழைய வீட்டை லாவண்டரில் முக்கி
நானே அலசிக் கொட்டியிருந்தேன்.

மூன்றாம் ராத்திரி
'சமையல், உடையும்' என்று எழுதிய பெட்டியைப் பிரித்தால்
குக்கருக்குள் சுருண்டு கிடக்கிறது கரித்துணி.
எண்ணெய்ப் பிசுக்கு, பெருங்காயம்,
தீய்ந்த ஓரம்,
நாலு வருஷத் தாளிப்பு.
கொண்டுபோய்த் தரையில் போட்டேன்.

விடியற்காலை
முன்கால் மாற்றி முன்கால் மாற்றி
அதைப் பிசைந்துகொண்டிருந்தது.
என் கால் மரத்துப்போயிருந்தது. அசையவில்லை.

அப்புறம் தினம் ஓர் அறை.
கதவு நிலை, பெட்டி முனை, மேசைக் கால்
எல்லாவற்றிலும் கன்னம் தேய்த்துக் கையெழுத்திட்டது.
ஃபர்னஸ் உறுமிப் பற்றும்போது மட்டும் ஓட்டம்.
எனக்கும் அப்படித்தான்.
இடதுகை இன்னும்
இல்லாத சுவிட்சைச் சுவரில் தேடுகிறது.
யாரும் இல்லாத வீட்டில், யாரும் பார்க்காதபோது,
நானும் ஒருமுறை நிலையில் கன்னம் வைத்தேன்.
சில்லென்றிருந்தது. பெயின்ட் வாசனை.

பதினைந்தாம் நாள் அவன் வந்தான்.
பனிக் காலணியோடு வாசலில் நின்று
சுவிட்ச் எங்கே என்றான்.
பாத்ரூம் எது என்றான்.
மேசையடியில் வசம்பு வால் புடைக்க நின்று அளந்தது.
பையை முகர்ந்தது, பின்வாங்கியது.
"என்னைத் தெரியலையாடா?"

கையை நீட்டாதே என்றேன்.
கண்ணைப் பார்க்காதே.
உனக்கு வேறு வேலை இருப்பதுபோல் உட்கார்.

உட்கார்ந்தான், கோட்டைக்கூடக் கழற்றாமல்,
துவைக்கும் அறைத் தரையில்,
நான் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கென்று ஆகியிருந்த இடத்தில்.

நான் சாதம் பார்க்கப் போனேன்.
கரித்துணியைக் கை தேடி, ஞாபகம் வந்து,
ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்
குக்கரை இறக்கினேன்.
இருட்டியிருந்தது.
அந்த அறையிலிருந்து
அவன் எதையோ மெல்லக் கூப்பிடுவது கேட்டது.
பேர் சொல்லவில்லை.