பத்தாம் நம்பர்

பெரம்பூரில் மூன்றாம் மாடி.
கருவிகளுக்கென்று எனக்குக் கிடைத்த இடம்
ஷூ ரேக்கின் கடைசித் தட்டு.
அதிலும் பாதி அவருடைய ஷட்டில் பேட்.

ஞாயிறு மதியம் பேப்பர் விரித்துக் கொட்டினேன்.
பதினேழு ஸ்பேனர், நாலு கட்டிங் பிளேயர்,
பெயிண்ட் டப்பா திறந்து திறந்தே
தலை மழுங்கிய ஸ்க்ரூ டிரைவர்கள்.
ரிங் செட்டில் பதினாலு இல்லை.
வீட்டுக்குள் தண்ணீர் வந்த வருஷம்
எது மிதந்தது, எது மூழ்கியதென்று
யார் பார்த்தார்கள்?

என் ஸ்கூட்டிக்கு
பிரேக்குக்கு, பேட்டரிக்கு, நம்பர் பிளேட்டுக்கு
எல்லாவற்றுக்கும் கேட்பது பத்தாம் நம்பர்.
மூன்று வாங்கினேன்.
ஒன்றுகூடக் காணோம்.

"மெக்கானிக்கிட்ட விட்டா ஒண்ணுமே வேணாம்"
என்றார் பேட்டைத் துடைத்தபடி.
மெக்கானிக் கேட்கும் நானூறு
அவர் கணக்கில் வருவதில்லை.

சீட்டுக்கடியில்
மழைக்கோட்டு போக மிஞ்சிய குழி
ஒன்பதுக்கு ஒத்துக்கொண்டது.
சரி, ஒன்பது.
மிச்சமெல்லாம் பழைய இரும்புக்காரரின் தராசில்.

அப்போதுதான் படியிறங்கி ஓடிவந்தான்
இரண்டாம் மாடி ஜெர்மானஸ்.
"அக்கா, பன்னெண்டு இருக்கா?"
கேட்ட கையில்
கழுத்தில் சிவப்பு நெயில் பாலிஷ் அடையாளத்தோடு
என் பத்து.

தராசிலிருந்து பன்னிரண்டை எடுத்தேன்.
தட்டு கொஞ்சம் எழும்பியது.
இரும்புக்காரர் ஒன்றும் சொல்லாமல்
ஒரு படிக்கல்லைக் குறைத்தார்.

கொடுத்து வாங்கி
சீட்டைத் திறந்து வைத்தேன்.
ஒன்பதோடு பத்து சேர்ந்தால் பத்து.

சீட் மூடவில்லை.