கால் அங்குலம்

ஸ்கேன் சென்டர் உறையில் போட்டுக் கொண்டுவந்தாள் சிகப்பி.
எக்ஸ்ரே என்றுதான் நினைத்தேன்.
உருவினால்
மான்.
உடம்பெல்லாம் மான், முகம் மட்டும் பொம்பளை.
கழுத்திலும் விலாவிலும் தைத்த அம்புகள்,
எண்ணிப் பார்த்தேன், ஒன்பது.
முகத்தில் அழுகை இல்லை.
கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவள் போல
நேராகப் பார்க்கிறாள்.

காரைக்குடி செக்காலை ரோட்டில்
இருபத்திரண்டு வருஷமாக பிரேம் போடுகிறேன்.
முருகன், வேளாங்கண்ணி மாதா, கல்யாண ஜோடி,
பதினாறாம் நாளுக்குள் வேண்டும் என்று வரும்
பெரிதாக்கிய பாஸ்போர்ட் போட்டோ.
கொம்பு முளைத்தவள் இவள்தான் முதல்.

மகள் கல்யாணப் படம் வாங்க நின்ற கானாடுகாத்தான்காரர்
"இது எந்த ஊர் அம்மன்?" என்றார்
ஒரு காலால் மறு கால் செருப்பைக் கழற்றியபடி.
"சாமி இல்லண்ணே. வரைஞ்சவ தன்னையே வரைஞ்சுகிட்டது.
முதுகு ஆபரேஷனுக்கு அப்புறம்."
அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.
பிறகு என்ன தோன்றியதோ,
மறுபடி கழற்றினார்.

"அசல் எங்க இருக்கு?"
"கடல் தாண்டி எங்கேயோ. இது நானூறு ரூபா, கொரியர் தனி."

லென்ஸ் வைத்துப் பார்த்தேன், பழக்கதோஷம்.
ரத்தம் இல்லை, புள்ளிகள்,
சிவப்பும் மஞ்சளும் பக்கம் பக்கமாக.
வானத்துக்குப் போட்ட அதே மை
கண்ணுக்குள்ளும் கொஞ்சம் கிடந்தது.

இடித்த வீட்டுப் பர்மாத் தேக்குச் சட்டம் ஒன்றைக் காட்டினேன்.
"வேணாம், அதுல ஏற்கெனவே யாராச்சும் தொங்கியிருப்பாங்க."
சாதா கறுப்பு பைபர் போதுமாம்.

சட்டத்தின் உதடு நாலு பக்கமும் கால் அங்குலம் தின்னும்.
முன்கூட்டிச் சொல்லிவிடுவது என் வழக்கம்.
அம்பு எதுவும் போகாது.
இடது கீழ்மூலையில் பொடி எழுத்தில் ஒரு சொல்,
அது மட்டும் மறையும்.
குனிய முடியாதவள்
படத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கி வாசித்தாள்:
"கர்மா."

"அடக் கருமமே!"
வாய் தவறி வந்துவிட்டது எனக்கு.
சிகப்பி சிரித்தாள்.
இடுப்பு பெல்ட்டை ஒரு கை அழுத்திப் பிடித்திருக்க
வலிக்குது வலிக்குது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.
"மறையட்டும்ணே. அது மட்டும்."

சாயங்காலம் கண்ணாடி துடைத்து, பின்பலகை வைத்து,
சுத்தியலை எடுத்தேன்.
வழக்கமாகப் பன்னிரண்டு ஆணி.
வாயிலிருந்து முதல் ஆணியை எடுத்து வைத்த இடம்
விலாவுக்கு நேராக இருந்தது.

கம் டேப் ஒட்டினேன்.
ஐப்பசி மழைக்கு விட்டுப்போகும், தெரியும்.
கொண்டுவந்தால் மறுபடி ஒட்டித் தரலாம்.
ரசீதில்
ஆணிக்கு ஏழு ரூபாய் கழித்தேன்.