ஒன்றாம் சிலிண்டர்

பீளமேட்டிலிருந்து நான் கொண்டுபோனவை
ஒரு மைக்ரோமீட்டர்,
நான்கு பிஸ்டனுக்கும் வளையங்கள்,
கால்கிலோ பருப்புப்பொடி.
சுங்கத்தில் பொடியைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

ரீயூனியன் தீவு, சேன்-பியேர்.
கடலுப்பு காயாத தேர்-சேன்த் சந்தில்
ஜில்பேர் அப்பாவுவின் கொட்டகை.
பெயரில் மட்டும் தமிழ்,
அதையும் உதடு குவித்துப் பிரெஞ்சாக்கிவிடுவார்.
உள்ளே அறுபத்தைந்தாம் வருடத்துப் பெஜோ 404,
பதிமூன்று ஆண்டுகளாய்க்
கோழிகள் முட்டையிட வாகான இடம்.
எங்களுக்குப் பொதுமொழி மில்லிமீட்டர்.

முதல் இரவு உணவகத்தில்
தட்டேறி வந்தது ஒரு பச்சை மொட்டு,
தாமரையின் கோபக்காரத் தங்கை.
ஆர்த்திஷோ, என்றாள் அவர் மனைவி மார்லேன்.
எப்படித் தின்பதென்று அவர்கள் சொல்லவில்லை,
கேட்க எனக்கு வாயில்லை.
கழற்றினேன்.
கழன்ற வரிசையிலேயே இதழ்களைத்
தட்டோரம் வட்டமாய் அடுக்கினேன்,
திரும்பப் பூட்டவேண்டி வந்தால்?
இதழடியில் துளிச் சதை,
முருங்கைக்காய் கண்ட பல்லுக்குப்
புதிய வேலையில்லை.
நடுவில் பஞ்சுமயிர். வழித்தெறிந்தால்
வால்வுத்தலை அகலத்துக்கு
மெத்தென்று ஒரு நெஞ்சு.
இவ்வளவு கழற்றி இவ்வளவுதானா என்றேன் தமிழில்.
ஜில்பேர் என் தட்டின் வரிசையையே பார்த்திருந்தார்.
மறுநாள் காலை
ஸ்பேனர் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

காற்று வடிகட்டிக்குள் எலிக்கூடு,
கரும்புச்சோகையால் கட்டியது, நல்ல வேலைப்பாடு.
லைனர்களைக் கட்டை வைத்துக்
கீழிருந்து தட்டி எழுப்பினோம்.
வால்வுகளுக்குப் பசை தடவி
உள்ளங்கைகளுக்கிடையே குச்சியை உருட்டி உருட்டி
கரகரப்பு வழவழப்பாகும்வரை
கேட்டுக்கொண்டிருந்தேன்,
ஆம், கேட்டுக்கொண்டுதான்.

மதியம் அடுப்பிலிருந்து கிராத்தேன்.
பொன்னாய்ப் பொரிந்த சீஸ் ஓட்டை உடைத்தால்
உள்ளே நம்ம சௌசௌ!
ஷுஷு, என்றாள் மார்லேன்.
சௌசௌ, என்றேன்.
ஷுஷு, என்று மெதுவாகத் திருத்தினாள்.
விருந்தாளி வந்தால் நாங்கள் ஒளித்துவைக்கும் காய்
இங்கே பாலேடும் ஜாதிக்காயும் உடுத்தி
நடு மேசையில் உட்கார்ந்திருந்தது.

பன்னிரண்டாம் நாள் சாவி திருப்பினோம்.
கார்ப்பரேட்டர் வழியே தும்மியது நெருப்பு.
ஜில்பேருக்கு அரைப் புருவம் போயிற்று.
பெட்ரோல் இருந்தது, பொறி இருந்தது,
அழுத்தம் நான்கிலும் இருந்தது.
அவர் என்னைப் பார்த்தார், நான் அவரை.
இரண்டு நாள் மில்லிமீட்டரில்கூடப் பேசவில்லை.

மூன்றாம் மாலை ரொட்டியோடு வந்த மார்லேன்
விரலால் கேட்டாள்: இதில் ஒன்று எது?
இருவரும் கை நீட்டினோம்.
நான் விசிறிப் பக்கம்,
அவர் ஃப்ளைவீல் பக்கம்.

பெஜோக்காரன் பின்னாலிருந்து எண்ணுவானாம்.
அவருடைய ஒன்றுக்கு டிஸ்ட்ரிபியூட்டரை வைத்தவர் அவர்.
என்னுடைய ஒன்றிலிருந்து ஒயர் மாட்டியவள் நான்.
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு:
எந்த முனையில் தொடங்கினாலும்
வரிசை அதேதான்,
அரைச்சுற்றுத் தள்ளி.
இருவர் கணக்கும் சரி.
அதனால்தான் ஓடவில்லை.

நான்கு ஒயரையும் எதிர்முனைக்கு மாற்றினேன்.
கோழிகள் மூன்று வீடு தாண்டி ஓடின.

ஞாயிறன்று லெ தாம்போன் ஏறி
மூடுபனி மேயும் பிளேன்-தெ-காஃப்ர் மேடுவரை போனோம்.
பாதியில் வெப்பமுள் சிவப்பைத் தொட்டது.
நிறுத்தி, பானெட் திறந்து, காத்திருந்தோம்.
டிக்கியிலிருந்து ஜில்பேர் எடுத்தது
பன்னிரண்டு நாளாய் நான் மறுத்துவந்த நீலச் சீஸ்.
பழைய ரேடியேட்டர் தண்ணீர் வாசனை.
அந்த வாசனையில்தானே
இருபது வருடம் சம்பாதித்தேன்?
கிழித்த ரொட்டியில் தடவி நீட்டினார்.
நாக்கில் முதலில் உப்பு, பிறகு காரம்போல் ஏதோ,
பிறகு கட்டைவிரலிலிருந்து கொஞ்சம் கிரீஸ்.

இன்னொன்று, என்றேன்.
மார்லேன் கேட்டாள்,
எந்தப் பக்கமிருந்து எண்ணி?