பையைத் தட்டவும்

மல்லிக்கு ஒரு ரேட், மிளகாய்க்கு ஒரு ரேட்.
கரண்டு போய்விட்டால் எல்லாம் ஒன்றுதான்.
ஜெய்ஹிந்துபுரம் முழுக்க இருட்டான ஒரு மதியம்
தும்மிக்கொண்டே
கடன் கணக்குத் தாளை முதல்முறை
முழுசாகப் படித்தேன்.

கேட்டது இரண்டு லட்சம்.
எழுதியிருந்தது இரண்டு லட்சம்.
கைக்கு வந்தது
ஒரு லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து இருநூறு.
ஃபைல் செலவு கொஞ்சம், அது தெரியும்.
அதற்குக் கீழே, கசகசா சைஸ் எழுத்தில்,
கடன் கவசம்: 9,440.

கவசமா?
நான் கேட்டது பத்து எச்.பி. மோட்டார்.

காளவாசல் கிளைக்கு பஸ் ஏறினேன்.
கையெழுத்து வாங்க வந்த லெனின்ராஜா
இப்போது திண்டுக்கல்லில் இருக்கிறானாம்.
பென்சிலால் பெருக்கல் குறி போட்டு
"இங்க, இங்க, அப்புறம் இங்கக்கா" என்று
பதினோரு இடம் காட்டியவன்.
அடுப்பில் பால் இருந்தது.
பன்னிரண்டாவது கேட்டிருந்தாலும் போட்டிருப்பேன்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள்
நல்ல பெண்தான், தண்ணீர் கொடுத்தாள்.
"வேலை போயிட்டா ஆறு மாசத் தவணைய
இன்சூரன்ஸே கட்டிரும்க்கா."
"யாரு வேலை?"
"ஒங்க வேலைதான். கம்பெனி நிறுத்திட்டா
அந்த லெட்டரைக் கொண்டாந்தா போதும்."

எனக்கு முதலாளி நான்.
எனக்கு நானே லெட்டர் அடித்து
என்னை நானே வீட்டுக்கு அனுப்பி
வாசல் வரை வந்து வழியும் அனுப்புவதை
நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது.
அவளும் சிரித்தாள்.
மேலே கேமராவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"செத்தா?"
"செத்தா முழுசும் தள்ளுபடி."
பாலிசியை அச்சடித்து நீட்டினாள்.
அதில் நான் இல்லை.
செல்லப்பேச்சு, வயது நாற்பத்தொன்று,
தொழில்: தனியார் நிறுவன ஊழியர்.
என் பெயர் செல்லப்பேச்சி.
மேலே போட வேண்டிய சுழியைக்
கீழே இறக்கிவிட்டார்கள்.
"பேரு மாறினா செத்தாலும் வராதுல்ல?"
அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள்.
பின்பக்கம் வெள்ளை.

சோணைமுத்து சொன்னார்,
"விடு, அலையிற அலைச்சலுக்கு
ஒம்பதாயிரம் பஸ்ஸுக்கே போயிரும்."
அதிலும் கணக்கு இருந்தது.
மில்லைப் பூட்டிவிட்டு அலைய முடியாதுதான்.
ராத்திரி எழுதினேன்,
மகளின் பிராக்டிகல் நோட்டில்
படம் வரையாத பக்கத்தைக் கிழித்து.

'ஐயா,
செல்லப்பேச்சு என்று எங்கள் வீட்டில் யாரும் இல்லை.
அந்த அம்மாளுக்குப் பிடித்த பணத்தை
என் கடனில் ஏற்றியிருக்கிறீர்கள்.
எனக்குச் சம்பளம் தருகிறவர் யாரும் கிடையாது.
இல்லாத வேலை எப்படிப் போகும்?
இப்படிக்கு,
செல்லப்பேச்சி.'

பதில் இல்லை.
இரண்டாவதை ரிஜிஸ்டர் தபாலில் போட்டேன்.
ஒப்புகை அட்டை மட்டும் திரும்பி வந்தது,
யாரோ கிறுக்கிய கையெழுத்தோடு.
அவர்களுக்கும் படிக்காமல் போடத் தெரிகிறது.
மூன்றாவதில் நுகர்வோர் கோர்ட் என்று
கொட்டை எழுத்தில் எழுதினேன்.
அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.
அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனி மாசம், கல்யாண வீட்டு மிளகாய்
மூட்டையாக வந்து இறங்கிய நாள்,
போன் டிங் என்றது.
9,440 வரவு.
மகள் குதித்தாள்.
அவர் கறி எடுக்கப் பையைத் தேடினார்.

நான் மூட்டை மேலேயே உட்கார்ந்து
கணக்குப் போட்டேன்.
அந்தப் பணத்துக்கும் சேர்த்துத்தானே
நூற்றுக்கு ஒன்றரை வட்டி கட்டினேன்.
மாசம் நூற்று நாற்பத்தொரு ரூபாய் அறுபது காசு.
இருபத்திரண்டு மாசம்.
அது வரவில்லை.

மில்லுக்கு வருகிறவர்களுக்குத் தெரியும்.
அரைத்து முடித்து மோட்டாரை நிறுத்தியதும்
வாயில் கட்டிய துணிப்பையைத் தட்டுவேன்.
மூன்று தட்டு, ஈரக் காலத்தில் நாலைந்து.
மடிப்பில் ஒட்டிய கடைசிக் கைப்பிடியும்
அவரவர் தூக்குவாளியில் விழ வேண்டும்.
பார்க்க ஆள் நின்றாலும் நிற்காவிட்டாலும்.

இன்றைக்கு நாலாவது கடிதம்.
'ஐயா, பணம் வந்தது, நன்றி.
மூவாயிரத்து நூற்றுப் பதினைந்து ரூபாய் இருபது காசு
உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது.
பையைத் தட்டவும்.'