அடியெடுத்துக் கொடுப்பவள்

அடெரீத்தோ ஃபல்காத்தோவை நாட்டுக்கே முகத்தால் தெரியும்.
எனக்குக் காலால்.

லிஸ்பனில் எங்கள் நாடகக் கொட்டகை மேடையின் விளிம்பில்
தகரக் கூண்டு கவிழ்த்த குழி ஒன்று உண்டு.
இருபத்தாறு வருஷம் என் உத்தியோகம் அதற்குள்:
நடிகர்கள் மறந்தால் அடியெடுத்துக் கொடுப்பது.
மடியில் பிரதி, நெற்றிக்கு மேல் நாற்பது வாட் பல்பு,
கண் மட்டத்தில் அவருடைய ஷூ.

பழுப்பு. இடது ஷூ மட்டும் ஒன்றரை அளவு பெரிது.
வலது கால் வந்து நின்றபின்
அது சற்று யோசித்துவிட்டு வரும்,
கடன் கேட்க வந்த மச்சான் மாதிரி.
அதற்கே முதல் வரிசை சிரித்துவிடும்.
உள்ளே அன்றைய செய்தித்தாளைத் திணித்திருப்பார்.
"அரசாங்கச் செய்தியை இந்த ஊரில்
தினமும் முழுசாக மிதிப்பவன் நான் ஒருவன்தான்" என்பார்,
ஒப்பனை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு.

காலம் அப்படி.
எந்தப் பிரதியும் முதலில் தணிக்கை அலுவலகம் போகும்.
நாற்பது பக்கம் போய் நாற்பது பக்கமாகத்தான் திரும்பும்,
நடுவில் நீலப் பென்சில் மேய்ந்திருக்கும்.
ரொட்டி என்ற சொல்லை அடித்திருப்பார்கள்.
குளிர் என்ற சொல்லையும்.
ஒரு வருஷம் காரணமே சொல்லாமல் நாற்காலியை.

தையற்கடைக் காட்சி.
வாடிக்கையாளர் கேட்பார், "என் கோட்டு எப்போது கிடைக்கும்?"
அடெரீத்தோவின் பதில் முழுக்க நீலம்.
அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.
கூரையைப் பார்த்தாராம், எனக்கு அது தெரியாது.
எனக்குத் தெரிந்தது
இடது ஷூ, பலகையில், மூன்று தட்டு.

கொட்டகை பிளந்தது.
ஏழாம் வரிசையில் இருந்த தணிக்கைக்காரர்
பென்சிலை எடுத்து, எதை அடிப்பது என்று தெரியாமல்
காதில் செருகிக்கொண்டாராம்.
மறுநாள் முத்திரையோடு கடிதம்:
தட்டுகள் இரண்டாகக் குறைக்கப்படுகின்றன.

சரி என்று இரண்டே தட்டினார்.
மூன்றாவதை ஜனங்கள் தட்டினார்கள்.
அறுநூறு கால்.
என் பிரதிமேல் மண் உதிர்ந்தது.

பிறகு அந்த ஏப்ரல். துப்பாக்கி வாயெல்லாம் சிவப்புப் பூ.
மே மாதம் அதே காட்சியைப் பதிலோடு போட்டோம்.
நீலத்தை ரப்பர் போட்டுத் தேய்த்துவைத்திருந்தேன்.
போகவில்லை, ஆனால் படிக்கலாம்.
அவர் அந்த வரியைச் சொன்னார். உரக்க. ஒரு எழுத்து விடாமல்.
சிரிப்பு வந்தது,
கடைசி டிராமுக்கு நேரமானவர்கள் கை தட்டுவதுபோல.
என்ன வரி என்று கேட்காதீர்கள்.
சாதாரண வரி.
இடது ஷூ நின்ற இடத்தில் நின்றது.
"ஜுல்மீரா, அடுத்தது?" என்றார், உதட்டுக்குள்.
அடுத்தது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும்.
எடுத்துக் கொடுத்தேன்.

அப்புறம் டெலிவிஷன்.
காப்பித்தூள் விளம்பரம், தொடரில் பாதிரியார்,
இன்னொரு தொடரில் சாகாமல் கிடக்கும் கோடீஸ்வரர்.
எட்டு மாதம் கட்டிலிலேயே, கழுத்துவரை போர்வை.
உள்ளே ஷூ போட்டுக்கொண்டுதான் நடித்ததாகச் சொன்னார்.
கேமராவுக்கு அது எதற்கு என்றேன்.
"கேமராவுக்கா?" என்றார்.

மெடல் கொடுத்தார்கள். அமைச்சர் அவர் பெயரைத் தப்பாகப் படித்தார்.
அடெரீத்தோ அந்தத் தப்பான பெயரிலேயே நன்றி சொன்னார்.

போன செவ்வாய் முதியோர் விடுதிக்குப் போயிருந்தேன்.
எண்பத்தொன்பது வயது. ஜன்னலோரக் கட்டில்.
விடுதியே கொடுத்த ரப்பர் செருப்பு,
இரண்டும் ஒரே அளவு.
ஆள் மாறிவிட்டதோ என்று வாசலிலேயே நின்றுவிட்டேன்.

நர்ஸ் கேட்டாள், "நீங்கள் அவருக்கு என்ன உறவு?"
"கீழ் வீட்டுக்காரி" என்றேன்.

கட்டிலில் ஏதோ குலுங்கியது.
சிரித்தாரா, இருமினாரா?
முகத்தை வைத்துச் சொல்ல
எனக்குப் பழக்கமில்லை.