பெயருக்கு ஒரு வில்லங்கம்

ஹல் நகரத்திலிருந்து கடிதம்.
மார்ஜரி பைவாட்டர், ஓய்வுபெற்ற செவிலி.
தன் குடும்பப் பெயர் உலகில் எங்கெங்கே
எத்தனை பேரிடம் மிச்சமிருக்கிறதென்று
பதினோரு வருடமாய் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

பொருளும் எழுதியிருந்தாள்:
தண்ணீர் ஓரத்தில் குடியிருந்தவன்.
ஏதோ ஓர் ஓடை, கரையில் ஒரு வீடு.
வரி வாங்க வந்தவன்
எந்த ஜான் என்று கேட்டிருப்பான்.
அந்த ஓரத்து ஜான். அவ்வளவுதான்.
ஓடை தூர்ந்த பிறகும் பெயர் ஓடியிருக்கிறது.

கூடவே ஒரு வரைபடம்.
யார்க்‌ஷயர் அடர்ந்த நீலம்,
தெற்கே வெளுத்து லண்டனில் ஒரு தெறிப்பு,
கனடாவில் பொட்டு, நியூசிலாந்தில் பொட்டு.
நம் மாவட்டம் வெறும் வெள்ளை.
அதன்மேல் பென்சிலில்:
ஓவர்சியர் தாமஸ், கொள்ளிடக்கரை, 1880-கள்?

நான் பத்திர எழுத்தன்,
திருப்பனந்தாள் சார்பதிவகத்துக்கு எதிர்க்கடை.
அப்பா கோவர்த்தனன், என்னிடம் ஒரு ‘கோ’.
என் மகளிடம் என் ‘அ’.
எங்கள் பெயர்கள் ஒரு தலைமுறை தாண்டியதும்
மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும்.
அவர்களுடையது எழுநூறு வருஷம் நடக்கிறது.
கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

பெயருக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன்.
வாக்காளர் பட்டியலில் இல்லை.
ரேஷன் கார்டில் இல்லை.
ஆனால் நானே எழுதியிருக்கிறேன்,
போன மாதம்கூட, தூக்கத்தில் எழுதுவதுபோல்:

இதற்கு நான்கெல்லை விபரமாவது
ராஜகண்ணு நஞ்சைக்கு மேற்கு
பொதுவாய்க்காலுக்குக் கிழக்கு
பாய்வாத்தியார் மடைக்குத் தெற்கு

யாரோ ஒரு முஸ்லிம் வாத்தியார்
தர்மத்துக்குக் கட்டியது என்று ஊர்ப்பேச்சு.
பள்ளிவாசல் ஹஸ்ரத்தும் மறுத்ததில்லை.
1954 பத்திரத்தில் அது பாய்வாத்தார்.
1931-இல் பைவட்டார்.
பின்னால் போகப் போக
மை வெளுக்க வெளுக்க
பெயர் தெளிந்துகொண்டே போனது.

1909. பூச்சி அரித்த பக்கம்.
பைவாட்டர் துரை மகள் செங்கமலம்
மடையோரம் மூன்று மா
கிரயம் கொடுத்திருக்கிறாள்.
சாதி என்ற இடத்தில் ஒரு கோடு.
கைரேகைப் புத்தகத்தில் அவள் பெருவிரல்:
மார்ஜரியின் வரைபடம் மாதிரியே
நடுவில் அடர்ந்து, ஓரத்தில் வெளுத்து.

அதற்குப் பிறகு அவள் இல்லை.
இன்னார் மனைவி, இன்னார் தாய் என்று
எந்தெந்த முன்னெழுத்துகளுக்குள் கரைந்தாளோ.
முத்திரைத்தாளோடு வந்து நிற்பவர்களில்
யாரை நிறுத்தி, என்னவென்று கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை மடைக்குப் போனேன்.
மூன்று பலகை. ஒன்று துருவேறி இறுகிப்போனது.
கடைமடைக்கு வரலையென்று
மண்வெட்டியோடு இரண்டு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள்.
லஸ்கர் பவுன்ராசு சாவியைத் திருகியபடியே சொன்னார்:
“இதுல என்ன சார் ஆராய்ச்சி,
பாயுற வாட்டரு. பாய்வாட்டரு.”

இரண்டு நாள் கழித்துத்தான் சிரித்தேன்.

மார்ஜரிக்குப் பதில் போட்டாயிற்று.
அம்மையீர்,
தஞ்சாவூர் மாவட்டம்: ஒன்று.
செங்கல், சுண்ணாம்பு, மூன்று பலகை.
குடியிருப்பு, தண்ணீர் ஓரம்.
வாரிசுகள் உண்டு, பட்டியல் கிடையாது.
நீலத்தை நீங்களே பார்த்துப் போடவும்.
ஜூன் கடைசியென்றால்,
மேட்டூர் திறந்த வருஷமென்றால்,
அடர்த்தியாகவே போடலாம்.